பெயர் வாசித்தவனுக்கு என்ன தீர்ப்பு

தணிக்கைச் சான்று பெற்ற ஒரு படத்தை, சான்றில் கண்ட நீளம் குறையாமல், எந்தப் பகுதியையும் வெட்டாமல் திரையிட வேண்டும். இது தியேட்டர் உரிமத்தின் நிபந்தனை. மீறினால் முதலில் விளக்கம் கேட்க வேண்டும். விளக்கம் திருப்தி தராவிட்டால் எச்சரிக்க வேண்டும். எச்சரித்தும் திருந்தாவிட்டால் உரிமத்தை நிறுத்தி வைக்க வேண்டும். நான் அரசாங்கச் சம்பளம் வாங்கிய காலம் முழுவதும், இந்த மூன்றாவது கட்டத்தை எட்டிய கோப்பு ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. விதி எண்ணும் நினைவிருக்கிறது. சொன்னால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்பதால் விடுகிறேன்.

இதெல்லாம் இப்போது ஞாபகம் வரக் காரணம் என் பேத்தி. போன ஞாயிற்றுக்கிழமை செல்போனை டம்ளரில் சாய்த்து வைத்துக்கொண்டு, கால் நகத்துக்குச் சாயம் பூசியபடி படம் பார்த்துக்கொண்டிருந்தாள். உலகப் போர் முடிந்து, அக்கிரமம் செய்தவர்களைப் பிடித்துக் கூண்டில் ஏற்றி விசாரிக்கிற படம். வக்கீல் எழுந்து இரண்டு வார்த்தை பேசுவார். இவள் சுண்டுவிரலால் ஒரு தட்டுத் தட்டுவாள். வக்கீல் உட்கார்ந்திருப்பார்.

"ஏம்மா, மனுஷன் பேசிக்கிட்டு இருக்காரே?"

"ஒரே அறுவை தாத்தா. சண்டை வந்ததும் விடுறேன்."

எனக்குக் கோபம் வரவில்லை. அறை முழுக்க அந்த நகச்சாயத்தின் வாசனை. பழுத்துக் கறுத்த மலைவாழைப்பழத்தைப் பூட்டிய அறையில் வைத்தது போல இருக்கும் அந்த நெடி. சிறுமலையிலிருந்து பழம் இறங்கும் நாட்களில் திண்டுக்கல் சந்தைப்பக்கம் போனால் அப்படி மணக்கும். அந்த ஊரில் அதே வாசனை வீசிய இடம் இன்னொன்று உண்டு. தியேட்டரின் ஆபரேட்டர் அறை. அறுந்த பிலிமை ஒட்டுகிற பசைக்கும் அந்த மணம்தான். அப்போதெல்லாம் நல்ல மணம் என்பதே ஊரில் அபூர்வம். காற்று ஒரு பக்கம் திரும்பினால் புகையிலைக் கிடங்கு, மறுபக்கம் திரும்பினால் தோல் பதனிடும் இடம். அதனால் ஆபரேட்டர் அறைக்கு ஆய்வு என்ற பெயரில் நான் அடிக்கடி போவேன்.

அறுபதுகளின் தொடக்கம். எனக்குப் புதிதாகக் குமாஸ்தா வேலை. வருவாய்த் துறை அலுவலகம் ஒன்றில் சினிமா உரிமங்களைக் கவனிக்கும் மேசை என்னுடையது. இந்த மேசைக்குச் சம்பளம் கூடுதல் கிடையாது, மரியாதை கூடுதல். எந்தக் கொட்டகைக்குப் போனாலும் சோபாவில் உட்கார வைத்து, கேட்காமலே முறுக்கும் கலர் சோடாவும் வரும். நான் சட்டப்படி வாழ்பவன் என்பதால் கலர் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன்.

அந்தத் தியேட்டரில் ஞாயிறு காலைக் காட்சி இங்கிலீஷ் படம். இங்கிலீஷ் படத்துக்கு எங்கள் பக்கத்தில் ஒரு தனி முறை இருந்தது. மேனேஜர் முந்தின நாள் படத்தை ஒருதரம் ஓட்டிப் பார்ப்பார். ஆள் ஆளைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருக்கிற இடம் வந்தால் ஆபரேட்டர் அந்தோணியைப் பார்த்து விரலைக் கத்தரி மாதிரி ஆட்டுவார். வெட்டியதைத் தகர டப்பாவில் போட்டு வைத்து, படப்பெட்டியைத் திருப்பி அனுப்பும்போது மறுபடி ஒட்டிவிடுவார்கள். அடிதடிப் படம் என்றால் இதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்த வாரம் வந்தது போர்க் குற்ற விசாரணைப் படம். படமே பேச்சுதான்.

படத்துக்கு முன்பு நோட்டீஸ் வந்துவிட்டது. மாட்டு வண்டியில் இரண்டு பக்கமும் தட்டி கட்டி, தம்பட்டம் அடித்து, சந்தையில் வீசிவிட்டுப் போனார்கள். மேலே 'அனல் பறக்கும் போர்க்காட்சிகள்'. கீழே பொடி எழுத்தில் கதைச்சுருக்கம். ஒரு முகாமில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மூவர் மீது வழக்கு. உத்தரவிட்ட தளபதி, ஊசி போட்ட டாக்டர், தினமும் காலையில் சாகப் போகிறவர்களின் பெயர்களை வாசித்த குமாஸ்தா. 'பெயர் வாசித்தவன் குற்றவாளியா? மீதியை வெள்ளித்திரையில் காண்க!'

நான் வெள்ளித்திரையில் கண்டேன். குண்டு வெடித்தது, ரயில் ஓடியது, முள்வேலி வந்தது, திரும்பக் குண்டு வெடித்தது. நடுநடுவே கோர்ட்டில் யாரோ எழுந்தார்கள், உடனே உட்கார்ந்தார்கள். கடைசியில் மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு காகிதத்தை விரித்தார். அவ்வளவுதான். 'நன்றி, மீண்டும் வருக' சிலைடு விழுந்து, விளக்கு எரிந்தது. சீக்கிரம் முடிந்ததே என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம். வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு.

பெஞ்சு டிக்கெட் பக்கத்தில் ஒருவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. பிறகு எழுந்து, ஆபரேட்டர் அறை ஓட்டையைப் பார்த்துக் கத்தினார்.

"ஏப்பா மெசின்காரரே! தீர்ப்பச் சொல்லாம எதுக்குய்யா லைட்டப் போட்ட?"

"வாய்தா போட்டாச்சு பெருசு! அடுத்த வாரம் வா!" என்றான் ஒருவன். கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

மறுநாள் அலுவலகத்தில் என் மேசைக்கு முன்னால் அவர் நின்றார். ஐம்பது வயதிருக்கும். தலையில் கட்டியிருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். துண்டிலிருந்து சம்பங்கி வாசனை வந்தது. பெயர் வெள்ளைச்சாமி. சாணார்பட்டிப் பக்கம் தோட்டம். விடிகாலையில் பூக்கூடையோடு பஸ்ஸில் வந்து பூச்சந்தையில் இறக்குகிறவர்.

"நேத்து சோபாவுல இருந்தீகளேய்யா. அந்தப் பேரு வாசிச்ச ஆளுக்கு என்ன குடுத்தாக?"

"தெரியலையே பெரியவரே. வெட்டிட்டாங்க போல. சினிமாதானே, விடுங்க."

"சினிமாதான்யா. ஆனா எடுத்தவன் நாலு பேரக் கேட்டு விசாரிச்சுத்தானே எடுத்திருப்பான்?"

மனுவாக எழுதிக் கொடுங்கள், ஸ்டாம்பு ஒட்டுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் பதிலுக்குக் காத்திராமல் பெஞ்சில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இளம் வயதில் மலாயாவுக்குப் போனவர். ரப்பர்த் தோட்டத்தில் பால்வெட்டு. ஜப்பான்காரன் வந்ததும், சயாமில் ரயில் பாதை போடுவதற்குத் தோட்டத் தமிழர்களை லாரி லாரியாக ஏற்றிக்கொண்டு போனார்கள். காடு, மழை, காய்ச்சல், வாந்திபேதி. இவருக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பதால் ஒரு வேலை கொடுத்தார்கள். தினமும் விடியும்போது, பாலத்துக்கு இத்தனை ஆள் வேண்டும் என்று உத்தரவு வரும். ஆட்கள் படுத்திருக்கும் கொட்டகை முன்னால் நின்று இவர் பெயர் வாசிக்க வேண்டும். பெயர் வந்தவன் காய்ச்சலோ கழிச்சலோ, எழுந்து போக வேண்டும்.

"எத்தன பேருன்னு சொல்றது அவென். யாருன்னு சொல்றது நானு" என்றார்.

அந்தக் கூட்டத்தில் குஜிலியம்பாறைக்காரர் ஒருவர் இருந்தார், கருப்பையா. நம்ம பக்கத்து ஆள் என்று இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். ஒரு நாள் உப்புக்காக இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. கருப்பையா ஏதோ சொல்லிவிட்டார். மறுநாள் அவருக்கு நல்ல காய்ச்சல். உத்தரவுக்கு ஒரு ஆள் குறைந்தது. படுத்துக் கிடந்தவர்களில் எந்தப் பெயரை வேண்டுமானாலும் இவர் வாசித்திருக்கலாம்.

"அவென் பேர வாசிச்சேன்யா. உத்தரவு இருந்துச்சு, இல்லேங்கல. ஆனா முந்தின நா கோவம் இருந்துச்சுல்ல? சாயங்காலம் திரும்புன கூட்டத்துல அவென் இல்ல."

போர் முடிந்ததும் வெள்ளைக்கார அதிகாரிகள் வந்தார்களாம். யார் அடித்தது, யார் கொன்றது, சாட்சி சொல்ல வாருங்கள் என்று கூப்பிட்டார்களாம். இவர் நோயாளிகளோடு நோயாளியாகப் படுத்துக்கொண்டு, கிடைத்த கப்பலில் ஏறி நாகப்பட்டினம் வந்துவிட்டார். "சாட்சின்னுதான் கூப்பிட்டாக. போனா, நீ என்னடா பண்ணுனன்னு கேட்டுட்டா?"

அத்தோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. கருப்பையாவின் மனைவி பொன்னம்மா வாராவாரம் திண்டுக்கல் சந்தைக்குத் துவரையும் தட்டைப்பயறும் கொண்டுவருகிறவள். நெற்றியில் குங்குமத்தோடு வருகிறவள். புருஷன் செத்தான் என்று யாரும் சொல்லவில்லையே. மலாயாவிலிருந்து வந்தவர் என்று இவரை யாரோ காட்டிவிட, பார்க்கும்போதெல்லாம் கேட்கிறாளாம்: 'அண்ணே, எதும் தாக்கல் தகவல் உண்டாண்ணே?' இவரும் வருஷக்கணக்கில் ஒரே பதில்தான் சொல்கிறார்: 'அங்கிட்டு எங்கிட்டாச்சும் இருப்பாரு தாயி.'

"அந்த ஆளுக்கு விடுதலைன்னா சொல்லுங்கய்யா, இந்த வாரமே அந்தப் புள்ளகிட்ட உள்ளதச் சொல்லிருவேன்."

"தூக்குன்னா?"

அவர் துண்டை உதறி மறுபடி கட்டிக்கொண்டார். "அதுக்குத்தான்யா கேக்குறேன்."

அன்று மாலையே அவரை அழைத்துக்கொண்டு தியேட்டருக்குப் போனேன். மேனேஜர் சந்தனப் பொட்டோடு எழுந்து நின்றார்.

"தமிழ்க் கோர்ட்டுன்னா விசிலடிப்பான் சார். இங்கிலீசு கோர்ட்டுன்னா தூங்குறான். தூங்குனா முறுக்கு எப்படி விக்கும்?"

"வெட்டினது எங்க?"

டப்பா வந்தது. மற்ற துண்டுகள் எல்லாம் இருந்தன. தீர்ப்பு இல்லை. அந்தோணி தலையைச் சொறிந்தான். வாசலில் பிலிம் கேட்டு நிற்கிற பையன்களுக்குக் கொடுத்துவிட்டானாம். கண்ணாடி வில்லையில் வெயிலைப் பிடித்து, வீட்டுச் சுவரில் படம் காட்டி விளையாடுவார்கள். ஒரு நீதிமன்றத்தின் தீர்ப்பு நாலு நாலு படமாக நறுக்கப்பட்டு ஊர்ப் பையன்களின் கால்சட்டைப் பைகளில் இருந்தது. கீழே கிடந்த ஒரு சாண் துண்டு மட்டும் கிடைத்தது. வெள்ளைச்சாமி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நீதிபதி. வாய் திறந்திருந்தது.

"ஓரத்துல கோடு ஓடுது பாருங்க, மேலயும் கீழயுமா. அதான் பேச்சு" என்றான் அந்தோணி.

"இத வாசிக்க ஆளு உண்டா?"

"மெசினுதான் வாசிக்கும்."

"அப்ப வாசிக்கச் சொல்லு."

அந்தோணி என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன். பழைய பிலிமின் நடுவே அந்தத் துண்டை வைத்துப் பசை தடவினான். வாழைப்பழ வாசனை எழுந்தது. மெசினில் கோத்து ஓட்டினான். காலியான கொட்டகையில் நீதிபதி ஒரு முறை மின்னினார். இருமல் மாதிரி ஒரு சத்தம் கேட்டது.

"இன்னொருக்க" என்றார் வெள்ளைச்சாமி.

இன்னொரு முறையும் அதே இருமல்தான். மேனேஜர் சிரிக்கப் போனவர் எங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பிறகு நான் விசாரணையில் இறங்கினேன். மதுரையில் அந்தப் படத்தை முழுசாகப் பார்த்தவர்கள் இரண்டு பேர் கிடைத்தார்கள். மிஷன் பள்ளி வாத்தியார் ஒருவர், "குமாஸ்தாவுக்குத் தூக்கு. கயிறு ஆடுறது எனக்குக் கண்ணுக்குள்ள நிக்குது" என்றார். வக்கீல் குமாஸ்தா ஒருவர், "விடுதலை சார். வாசல்ல அவன் பொண்டாட்டி கட்டிப் புடிச்சு அழுவா" என்றார். இருவரும் பொய் சொல்கிறவர்கள் அல்ல.

சாட்சிகள் முரண்பட்டால் ஆவணத்துக்குப் போக வேண்டும். மேனேஜரிடம் விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ். பட விநியோகஸ்தருக்கு, படத்தின் முடிவுப் பகுதியில் உள்ள விவரங்களை அனுப்புமாறு ஒரு கடிதம். வெள்ளைச்சாமியிடம் சொன்னேன்: "பதில் வரட்டும். அதுவரைக்கும் அந்தம்மாகிட்ட எதுவும் சொல்லாதீங்க. அரைகுறைத் தகவலை வச்சு முடிவெடுக்கக் கூடாது."

அவர் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். பூ இறக்கிவிட்டு வரும் வழியில் என் ஜன்னலுக்கு வெளியே நின்று, "பதிலு வந்துச்சாய்யா?" என்பார். "நினைவூட்டுக் கடிதம் போட்டிருக்கேன்" என்பேன். மேனேஜரின் விளக்கம் முதலில் வந்தது. பிலிம் பழசு, தானாகவே அறுந்துவிட்டதாம். எச்சரித்து அந்த நோட்டீஸை முடித்தோம். விநியோகஸ்தரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இரண்டாவது நினைவூட்டு போட்டேன். அதற்குள் மழைக்காலம் முடிந்து தட்டைப்பயறு புதிதாக வந்துவிட்டது.

ஒரு சந்தை நாளில் பொன்னம்மாவிடம் பயறு வாங்கினேன். எனக்கு அவளைத் தெரியும், அவளுக்கு என்னைத் தெரியாது. குங்குமம் வியர்வையில் வழிந்திருந்தது. படியை அமுக்கி அளந்துவிட்டு, மேலே ஒரு கை கூடுதலாகப் போட்டாள். எதற்கு என்று கேட்டேன்.

"சும்மா இருக்கட்டும் சாமி. எங்க வீட்டு ஆளு அசலூருல கெடக்காரு. அவருக்கும் யாராச்சும் ஒரு கை சேத்துப் போடுவாகள்ல."

சட்டப்படி நான் அவளிடம் மறைத்தது ஒன்றுமில்லை. எனக்கு நேரடியாகத் தெரிந்ததும் ஒன்றுமில்லை. பயற்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கு வீட்டில் அந்தப் பயற்றில் வைத்த வெஞ்சனத்தைத் தொடாமல் சோற்றை மட்டும் சாப்பிட்டேன். அதையும் இன்னொரு நினைவூட்டு எழுதிச் சமாளித்தேன்.

கோடை உச்சத்தில் ஒரு நாள் வெள்ளைச்சாமி ஜன்னலுக்கு வராமல் உள்ளேயே வந்தார்.

"சொல்லிட்டேன்யா."

"பதில் வரலையே!"

"உங்க பதிலு எப்ப வருமோ. அவ பூ வாங்க வந்தா. புருசன் பேருக்கு நேந்துக்கிட்டு மாரியம்மனுக்குச் சாத்தணுமாம், நல்ல பூவாப் பாத்துக் குடுங்கண்ணேன்னா. எப்படிய்யா குடுக்குறது?"

"என்ன சொன்னாங்க?"

"அன்னிக்குக் கஞ்சி குடிச்சாரான்னு கேட்டா. குடிக்கலன்னேன். அம்புட்டுத்தான். பூவ வாங்காமப் போயிட்டா."

அதன் பிறகு பல வாரம் அவள் சந்தைக்கே வரவில்லை. பிறகு குஜிலியம்பாறை பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பினாள். ஆடி அமாவாசைக்குக் கருப்பையாவுக்குக் காரியம் செய்கிறார்கள். வெள்ளைச்சாமி வர வேண்டும். தங்கள் சனத்துக்கு முன்னால் நின்று பெயரை வாசித்து, நடந்ததைச் சொல்ல வேண்டும்.

தனியாகப் போக அவருக்குப் பயம். தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நானும் போனேன். மானாவாரிக் காடு காய்ந்து கிடந்தது. கிணற்றடியில் பங்காளிகள் கூடியிருந்தார்கள். உடல் இல்லாததால் ஒரு செங்கல்லை நட்டு வேட்டி சுற்றியிருந்தார்கள். வெள்ளைச்சாமி செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அங்கே எப்படி வாசித்தாரோ அப்படியே, ஊர்ப் பெயர், தகப்பன் பெயர், பிறகு கருப்பையா என்று உரக்கச் சொன்னார். முகாமைச் சொன்னார். காய்ச்சலைச் சொன்னார். உத்தரவைச் சொன்னார். அதோடு நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

உப்புச் சண்டை அங்கே எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும். நான் குனிந்து என் செருப்பைப் பார்த்துக்கொண்டேன். விட்டுவிடுங்கள் என்று தலையசைத்தேனோ இல்லையோ, இன்றுவரை எனக்கு நிச்சயமில்லை.

"அதுக்கு முந்தின நா எனக்கும் அவனுக்கும் சண்ட" என்று அவர் தொடர்ந்தார். "அந்தக் கோவத்துலதான் அவென் பேர வாசிச்சேன். வேற பேரும் இருந்துச்சு."

பொன்னம்மாவின் தம்பி கையை ஓங்கிக்கொண்டு பாய்ந்தான். "ஏலே, நில்லு" என்றாள் அவள். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. வெள்ளைச்சாமி பக்கம் திரும்பினாள்.

"இத்தன வருசம் எம்மூஞ்சியப் பாத்து, இருப்பாரு இருப்பாருன்னீரே. அவரக் கொன்னது சப்பான்காரென். எனக்குச் செஞ்சது நீரு."

அவர் கும்பிட்டார். அவள் முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள். "சாப்புட்டுப் போகச் சொல்லு" என்று தம்பியிடம் சொன்னாள். "இனிமே சந்தையில எங்கிட்ட வந்து நிக்க வேணாம்னும் சொல்லு." எங்கள் இருவருக்கும் ஒரே பந்தியில் இலை போட்டார்கள். வெள்ளைச்சாமி பிசைந்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அவர் பூக்கூடையைச் சந்தைக்கு வேறு ஆளிடம் கொடுத்தனுப்பினார். என் ஜன்னலுக்கும் வரவில்லை.

தியேட்டரை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டினார்கள். அதையும் இடித்துவிட்டு இப்போது துணிக்கடை. தம்பட்டமும் தட்டி வண்டியும் போயின. கதையைப் பாதி சொல்லி நிறுத்துகிற நோட்டீஸ் போயிற்று. பிலிமைக் கையில் தொட்டவர்களே இன்று அருகிவிட்டார்கள். சயாமுக்குப் போய்த் திரும்பியவர்கள் எங்கள் பக்கத்து ஊர்களில் ஓரிருவர் இருந்தார்கள், அவர்களும் இல்லை. அவர்களை யாரும் சாட்சிக்கு அழைத்ததாகவும் நான் கேள்விப்படவில்லை. சினிமா உரிமக் கோப்புகளைக் கெடு முடிந்ததும் விதிப்படி அழித்துவிட்டார்கள். அழிக்கலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டவனும் நான்தான்.

அவற்றில் அந்தத் தியேட்டரின் கோப்பில் விநியோகஸ்தரின் பதில் ஒன்றும் இருந்தது. அரைப் பக்கம். தளபதிக்குத் தூக்கு, டாக்டருக்கு ஆயுள். பெயர் வாசித்த குமாஸ்தாவுக்குப் படத்தில் தீர்ப்பே கிடையாது. தீர்ப்பு வாசிக்கும்போது மற்ற இருவரோடு அவனும் எழுந்து நிற்கிறான், அவன் முறை வருவதற்குள் படம் முடிந்துவிடுகிறது என்று எழுதியிருந்தார்கள். நான் விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது அந்த உறை என் மேசையில் இருந்தது. தபால் பார்க்கும் குமாஸ்தா மேலே தேதி முத்திரை குத்தி வைத்திருந்தார்: ஆடி அமாவாசைக்கு மறுநாள்.